ஒன்பதால் வகுபடும் வித்தியாசம்

வங்கிக் காசாளராக நான் கவுண்டரில் உட்கார்ந்த இரண்டாவது வாரத்தில், ஒரு மாலை நான்கு மணிக்கு, என் கையிருப்பில் ஆயிரம் ரூபாய் குறைந்தது. அது 1988ஆம் ஆண்டு. நெல் வியாபாரத்தை நம்பி இயங்கிய ஒரு சிறு நகரத்துக் கிளை. ஆயிரம் ரூபாய் என்பது அப்போது என் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். கவுண்டரில் குறையும் பணத்தைக் காசாளரே தன் கையிலிருந்து கட்ட வேண்டும். மூன்று முறை எண்ணினேன், மூன்று முறையும் அதே குறைவு வந்தது. நான்காவது முறை எண்ணத் தொடங்கியபோது விரல்கள் நடுங்கியதால் தாள்கள் நழுவின.

எங்கள் தலைமைக் காசாளர் அப்போது ஐம்பதைக் கடந்தவர், அதிகம் பேசாதவர். தன் கணக்கை முடித்து இரும்புப் பெட்டியைப் பூட்டப் போனவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தார். எப்படிப் போயிற்று என்றோ, கவனம் எங்கே இருந்தது என்றோ அவர் கேட்கவில்லை. “மொத்தத்தை விடு தம்பி, நோட்டு வாரியாகப் பார்ப்போம்” என்றார். அன்றைக்கு வந்த செலான்களின் பின்புறத்திலும், பணம் கொடுத்த காசோலைகளின் பின்புறத்திலும் எழுதியிருந்த நோட்டு விவரங்களை அவர் படிக்க, நான் கூட்டிக்கொண்டே வந்தேன். அரை மணி நேரத்தில் விடை தெரிந்தது. இருபது ரூபாய் நோட்டில் நூறு தாள் குறைந்திருந்தது. பத்து ரூபாய் நோட்டில் நூறு தாள் கூடியிருந்தது. பத்து ரூபாய்க் கட்டு ஒன்றைக் கொடுக்க வேண்டிய இடத்தில் இருபது ரூபாய்க் கட்டைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். அன்று பத்து ரூபாய்க் கட்டுகளாகக் கேட்டு வாங்கியவர், கூலி கொடுப்பதற்காகப் பணம் எடுத்த ஓர் அரிசி ஆலைக்காரர் மட்டும்தான்.

தலைமைக் காசாளர் தன் மொபெட்டின் பின்னால் என்னை உட்கார வைத்து ஆலைக்கு அழைத்துப் போனார். கூலிப் பட்டுவாடா மறுநாள் என்பதால் கட்டு பிரிக்கப்படாமலே இருந்தது. ஆலை முதலாளியிடம் அவர் சொன்ன ஒரே வாக்கியம், “எங்கள் பக்கத்தில் ஒரு கட்டு மாறிவிட்டது” என்பது. பையன் புதிது, தெரியாமல் கொடுத்துவிட்டான் என்று சொல்லியிருந்தாலும் அது உண்மைதான், பொய்யாகியிருக்காது. ஆனால் அப்படிச் சொல்லியிருந்தால் அந்த முதலாளி அடுத்த வாரம் என் கவுண்டருக்கு வரத் தயங்கியிருப்பார். ஊர் முழுக்க அந்தத் தயக்கம் பரவ இரண்டு சந்தை நாள்கள் போதும். மறுநாள் காலை கிளையில் யாருக்கும் இந்தச் செய்தி தெரிந்திருக்கவில்லை என்பதைக் கண்டபோதுதான், அவர் சொன்ன “எங்கள்” என்ற சொல் எவ்வளவு யோசித்துச் சொல்லப்பட்டது என்பது எனக்குப் புரிந்தது.

அந்த மனிதரின் குணத்தைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் பின்னாளில் யோசித்துப் பார்க்கையில், அன்றைய வேலையின் அமைப்பும் அந்தக் குணத்தை வளர்த்தது என்றே தோன்றுகிறது. கணினி வருவதற்கு முந்தைய கிளைகளில், சேமிப்புக் கணக்கு லெட்ஜர்களில் உள்ள ஒவ்வொரு கணக்கின் இருப்பையும் எழுதிக் கூட்டி, அது பொதுப் பேரேட்டில் உள்ள தொகையோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். ஒத்துப்போகாத நாளில் ‘டிஃபரன்ஸ்’ தேடும் படலம் தொடங்கும். ஒருவர் வவுச்சரைப் படிக்க வேண்டும், மற்றவர் லெட்ஜரில் டிக் போட வேண்டும். ஒற்றை ஆளாகச் செய்ய முடியாத வேலை அது. லெட்ஜர் பிரிவில் இருந்த ஓர் அக்கா எனக்குக் கற்றுக்கொடுத்த சூத்திரம் இன்றும் மறக்கவில்லை: வித்தியாசத் தொகை ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், பெரும்பாலும் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கும். 54 என்பதை 45 என்று எழுதினால் வித்தியாசம் 9, 82ஐ 28 என்று எழுதினால் 54. வகுத்து வரும் ஈவு, அந்த இரண்டு இலக்கங்களுக்கும் இடையிலான வித்தியாசத்தைக் காட்டிவிடும். தன் லெட்ஜர் ஒத்துப்போன பிறகும், அடுத்தவர் லெட்ஜர் ஒத்துப்போகும்வரை அந்த அக்கா பையைத் தூக்கமாட்டார். இந்த மாதம் உனக்கு, அடுத்த மாதம் எனக்கு என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த நியாயம்.

பிறகு மையக் கணினி முறை வந்தது. லெட்ஜர்கள் பழைய அறைக்குப் போயின. டிஃபரன்ஸ் தேடி இரவு எட்டு மணிவரை உட்காரும் கொடுமையும் போயிற்று. அதற்காக நான் வருந்தவில்லை, அந்த இரவுகளைத் திரும்பக் கேட்கும் பைத்தியக்காரனும் இல்லை. ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் திரைக்கு முன் தனியாக உட்காரத் தொடங்கியதும், பிழைக்குப் பெயர் வந்துவிட்டது. எந்த எண்ணில் நுழைந்தவர் எத்தனை மணிக்கு எதைப் பதிந்தார் என்பதைக் கணினி சொல்லிவிடுகிறது. “எங்கள் பக்கத்தில்” என்று சொல்ல அங்கே இடமில்லை. இந்த இடைவெளியை நிரப்ப மேலிடத்திலிருந்து பிறந்தநாள் கேக் வந்தது, மாதத்தின் சிறந்த ஊழியர் என்று சட்டமிட்ட புகைப்படம் வந்தது. கேக் நன்றாகவே இருந்தது.

நான் மேலாளரான பிறகு செய்த ஒரு தவற்றையும் சொல்லியாக வேண்டும். புதிதாக வந்த ஓர் இளம் பெண் அதிகாரி, நகைக்கடன் ரசீதில் எடையைத் தவறாக எழுதிவிட்டார். வாடிக்கையாளர்கள் நிரம்பியிருந்த கூடத்தில், அவருக்கு எதிரே நின்றுகொண்டு, நான் குரலை உயர்த்தினேன். அதிகம் போனால் ஒரு நிமிடம். அன்று மாலையே அதை மறந்தும் விட்டேன். இரண்டு மாதங்கள் கழித்து அவர் நாற்பதாயிரம் ரூபாயை, கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறியதால், வேறொருவர் கணக்கில் வரவு வைத்துவிட்டார். உடனே என்னிடம் வந்திருந்தால் அந்தக் கணக்கில் அத்தொகையை எடுக்க முடியாதபடி ஐந்து நிமிடத்தில் நிறுத்தி வைத்திருக்கலாம். அவர் வரவில்லை. மூன்று நாள்கள் தானே அந்த மனிதருக்குத் தொலைபேசியில் பேசிக் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறார். அதற்குள் பெரும்பகுதிப் பணம் ஏடிஎம் வழியாகப் போய்விட்டது. திரும்பப் பெற இரண்டு வாரங்கள் ஆயின. ஏனம்மா முதல் நாளே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “அன்றைக்குப் போல எல்லோர் முன்னாலும் கத்துவீர்கள் என்று பயந்துவிட்டேன், சார்” என்றார்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தபோது, நன்றாக இணைந்து பணியாற்றும் குழுக்களில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தனவாம். அவர்கள் அதிகம் தவறு செய்ததால் அல்ல, செய்த தவற்றை மறைக்காமல் சொன்னதால்தான் அப்படி என்று அவர் விளக்கம் கண்டார். இதைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோது, எனக்கு நாற்பதாயிரம் ரூபாயின் நினைவுதான் வந்தது.

கற்றதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு 2016 நவம்பரில் கிடைத்தது. 8ஆம் தேதி இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. 10ஆம் தேதி கதவைத் திறந்தபோது வரிசை தெருமுனையைத் தாண்டியிருந்தது. ஆளுக்கு நாலாயிரம் என்று தொடங்கிய மாற்று வரம்பு நாலாயிரத்து ஐந்நூறாகி, 18ஆம் தேதி இரண்டாயிரமாகக் குறைந்து, 24ஆம் தேதியோடு நின்றது. ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையில் நின்றவர்களுக்கு விளக்கி ஏச்சு வாங்கியவர்கள் கவுண்டரில் இருந்தவர்களே. இரண்டாம் சனியும் ஞாயிறும்கூடத் திறந்திருந்தோம். முதல் நாள் மாலையே நான் மூன்று விஷயங்களைச் சொல்லிவிட்டேன். எல்லாக் கவுண்டரும் டேலி ஆகும்வரை யாரும் கிளம்பக் கூடாது. கூடினாலும் குறைந்தாலும் அடுத்த நிமிடமே சொல்ல வேண்டும். ‘யார்’ என்ற கேள்வியை அன்று யாரும் கேட்கக் கூடாது, ‘எங்கே’ என்று மட்டும் கேட்கலாம். நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. பகுதி நேரத் துப்புரவுப் பணியாளரான அம்மா, யாரும் சொல்லாமலே, வரிசையில் நின்ற முதியவர்களுக்கு நாற்காலிகளை எடுத்துப் போட்டுவிட்டு, பன்னிரண்டு மணியானால் ஒவ்வொரு காசாளர் பின்னாலும் வந்து, “ஒரு வாய் சாப்பிட்டுட்டு வாங்க, கூட்டம் ஓடிடாது” என்று சொல்லத் தொடங்கினார். நான் சொன்னால் எழுந்திருக்காதவர்கள் அவர் சொன்னால் எழுந்தார்கள்.

கனிவு என்றால் கண்ணை மூடிக்கொள்வது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். கணக்கில் பணம் இல்லாத காசோலையை ‘ஒரே ஒரு நாள்’ பாஸ் செய்யச் சொல்லி நெருங்கிய சக ஊழியர் ஒருவர் கேட்டார், மறுத்தேன், ஓராண்டு அவர் என்னோடு பேசவில்லை. பழந்தமிழில் ‘கண்ணோட்டம்’ என்றால் இரக்கம் என்று பொருள். இன்று அதற்குப் பார்வைக் கோணம் என்று மட்டுமே பொருள் கொள்கிறோம். வங்கிக்காரனுக்கு இரண்டு பொருளும் வேண்டும் என்பது என் எண்ணம். பார்க்காமல் இரங்கினால் அடுத்த தணிக்கையில் இருவருமே மாட்டிக்கொள்வோம்.

ஓய்வு பெற்று நாலாண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் ஒரு மாலை அந்தப் பெண் அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். இப்போது வேறொரு ஊரில் கிளை மேலாளர்.

“சார், கேஷில் 2,700 குறைகிறது. ஒன்பதால் வகுபடுகிறது.”

“யார் கவுண்டர்?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் சிரித்தார். “அதைக் கேட்கக் கூடாதென்று நீங்கள்தானே சொன்னீர்கள். புதுப் பையன், சேர்ந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. பின்பக்கம் போய் அழுதுவிட்டு வந்திருக்கிறான். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.”

“27ஐ ஒன்பதால் வகுத்தால் மூன்றும்மா. 63, 36 மாதிரி மூன்று வித்தியாசமுள்ள இலக்கங்கள் அடுத்தடுத்து வரும் காசோலைகளை முதலில் எடுங்கள். நீங்கள் படியுங்கள், அவன் டிக் போடட்டும்.”

தொலைபேசியை அவர் மேசைமேல் வைத்த ஓசையும், ஒரு காசோலைத் தொகையை உரக்கப் படிக்கும் குரலும், சற்றுத் தயங்கி, “ஓகே மேடம்” என்ற பையனின் குரலும் கேட்டன. நான் இணைப்பைத் துண்டிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.