293-இல் நிற்க மறுத்த கார்

293. அவுட்ரன் என்ற பழைய ஆர்கேட் கார் ஆட்டத்தை விளையாடியவர்களுக்கு இந்த எண்ணை விளக்க வேண்டியதில்லை. காரின் வேகம் மணிக்கு 293 கிலோமீட்டருக்கு மேல் போகாது, அதற்குக் கீழே இறங்கினால் நேரம் போதாது. என் திரையில் மூன்று வாரமாக அது 293, 286, 291, 279 என்று குளிர்காய்ச்சல் கண்டவன் மாதிரி நடுங்கிக்கொண்டே இருந்தது. நேற்று ராத்திரி ஒருவழியாக அசையாமல் நின்றது. எந்தப் புதுப் பொருளும் மாட்டாமல் நின்றது என்பதுதான் இதை எழுத வைத்த எரிச்சல். சந்தோஷம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் சாமான்களைச் சொல்லிவிடுகிறேன். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துக் கட்டிய மேசைக் கணினி, 110 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கியது. நான்காம் தலைமுறை ஐ5 செயலி, 8 ஜிபி நினைவகம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், "இதில் கார் கேமா? எக்செல் திறக்குமா முதலில்?" என்று கேட்டார். 1986-இல் வந்த அவுட்ரன் இயந்திரத்துக்குள் இருந்தவை 12.5 மெகாஹெர்ட்ஸில் ஓடிய இரண்டு மோட்டரோலா 68000 சில்லுகள், ஒலிக்கு இசட்80 என்ற இன்னொரு சில்லு. அதோடு ஒப்பிட்டால் என் டப்பா அரண்மனை.

நான் ஓட்டுவது கேனன்பால் என்ற மென்பொருள். பழைய சில்லுகளின் நிரலைப் பிரித்துப் படித்து சி++ மொழியில் திரும்ப எழுதிய வேலை அது. கைவேலை என்றால் இதுதான். அசல் இயந்திரத்தின் ஆட்டத் தரவு தனியாக வேண்டும், அது ரிவிஷன் பி என்ற பதிப்பாக இருக்க வேண்டும், அதைத் தேடுவது உங்கள் பாடு. அசல் இயந்திரத்தில் காட்சி நொடிக்கு 30 முறை மாறும், இதில் 60 ஆக்கலாம். சிலர் 60 வைத்தால் பழைய வாசனை போய்விடுகிறது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தென்னை மரங்கள் பெரிதாகிக்கொண்டே பக்கத்தில் வந்து விலகும்போது 60-இல் கண் உறுத்துவதில்லை. தொலைக்காட்சியில் மாட்டுகிறவர்கள் கேம் மோடைப் (படம் தாமதிக்காமல் வரச் செய்யும் அமைப்பு) போட மறக்காதீர்கள். நான் மறந்து, இரண்டு நாள் என் கைதான் மந்தமாகிவிட்டது என்று கவலைப்பட்டேன்.

சரி, காலடிக்கு வருவோம்.

ஸ்டீயரிங், பெடல் இரண்டும் பழையவை, 40 வெள்ளி. விற்றவர் "எல்லாம் நன்றாக வேலை செய்யும்" என்றார். ஸ்டீயரிங் உண்மையிலேயே நன்றாக வேலை செய்தது. 900 டிகிரி சுற்றும் ரகம். அவுட்ரனுக்கு அது அநியாயம் என்பதால் 200-க்குக் குறைத்தேன். கேனன்பாலிலும் சக்கரத்தின் எத்தனை சதவீதத்தை முழுத் திருப்பமாக எடுத்துக்கொள்வது என்று ஓர் அமைப்பு இருக்கிறது. இரண்டிலும் ஒரே நேரத்தில் கை வைக்காதீர்கள், எது எதைக் கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும்.

ஆக்சிலரேட்டர்தான் வினை. தரையோடு தரையாக மிதித்து வைத்திருந்தாலும் வேகம் ஆடியது. விண்டோஸில் ஜாய் டாட் சிபிஎல் என்று தட்டினால், ஸ்டீயரிங், பெடல் அளவுகளைப் பட்டையாகக் காட்டும் பழைய பெட்டி ஒன்று வரும்; அதைத் திறந்து பார்த்தேன். முழு மிதியில் பட்டை உச்சியில் நிற்க வேண்டும். அது சட்டென்று பாதிக்கு விழுந்து உடனே ஏறியது. பாதி மிதியில் அவ்வளவு ஆட்டம் இல்லை. இந்தச் சின்ன வித்தியாசத்தை அன்றைக்கே யோசித்திருந்தால் மூன்று வாரம் மிச்சம். யோசிக்கவில்லை.

பெடலைக் கழற்றினேன். உள்ளே எல்லாரும் எதிர்பார்ப்பதுதான்: பெடலின் அச்சில் கால்வட்டப் பல்சக்கரம், அது சுழற்றும் சின்னப் பல்சக்கரம், அதற்குள் ஒரு 10கே பாட், அதாவது திருப்பத் திருப்ப மின்தடை மாறும் பொட்டன்ஷியோமீட்டர். முதல் வைத்தியம் கான்டாக்ட் கிளீனர், மின்தொடுமுனைகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே. பாட்டின் கால்களுக்குப் பக்கத்தில் உள்ள இடுக்கில் இரண்டு பீச்சு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஐம்பது தடவை திருப்பு, காயவிடு. துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை அடித்துவிடாதீர்கள், எண்ணெய் படிந்து தூசியைக் கூப்பிட்டு உட்கார வைக்கும். இரண்டு நாள் தங்கம் மாதிரி இருந்தது. மூன்றாம் நாள், ஆட்டத்தின் இரண்டாம் கட்டமான டெவில்ஸ் கேன்யன் பாறைகளுக்கு நடுவே, 293, 284, 290.

அடுத்து, பாட்டையே மாற்றிவிடலாம் என்று சிம் லிம் டவருக்குப் போனேன். சிம் லிம் ஸ்குவேரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கணினிக்கு ஸ்குவேர்; சில்லு, ஒயர், சால்டர், ஸ்விட்ச் என்றால் டவர். டவர் இருக்கும் ஜாலான் புசார் பக்கம் போனால் எனக்கு அரை நாள் காணாமல் போகும். பாட் வாங்கப் போனவன் கைப்பிடிக் குமிழ், வெப்பச் சுருக்குக் குழாய், எதற்கென்று இன்னும் தெரியாத ஒரு சிவப்பு விளக்கு எல்லாம் வாங்கி வந்தேன். கடைக்காரப் பெரியவர் இழுப்பறையைத் திறந்தபடி, "10கே? ஏ-வா, பி-யா?" என்றார்.

நான் "ஏ" என்றேன்.

ஏன் ஏ? முதல் தரம் என்று நினைத்தேன்! வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன், இன்னொருவர் தப்பிக்கட்டும். ஏ என்பது ஒலிக் கருவிகளுக்கான மடக்கை வகை, பி என்பதுதான் சீரானது. நம் காது ஒலியைக் கேட்கும் விதத்துக்கு ஏற்றபடி ஏ வகை முதலில் மெல்ல ஏறி, பிறகு வேகமாக ஏறும். மலிவானவற்றில் அது வளைவாகக்கூட இருக்காது, இரண்டு நேர்த் துண்டுகளை நடுவில் முழங்கை மாதிரி ஒட்டியிருப்பார்கள். அதைச் சால்டர் செய்து, மூடி, திருகு முடுக்கி, கணினியில் செருகி மிதித்தேன். கால் பாதி தூரம் போகும்வரை பட்டை சோம்பேறியாகக் கிடந்தது. அப்புறம் ஒரே தாவல். கிளட்சை எடுக்கத் தெரியாதவன் ஓட்டும் லாரி போல கார் பாய்ந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் தொழில் பேருந்து ஓட்டுவது. 12 மீட்டர் வண்டி, மணிக்கு 60-ஐத் தாண்டக் கூடாது, நின்றுகொண்டே வரும் பாட்டி ஒருவர் எப்போதும் இருப்பார். எனவே என் வலது கால் கொஞ்சம் நுணுக்கமான கால். பெடல் எங்கே பொய் சொல்கிறது என்று அதற்குத் தெரியும். அதே காலால்தான் ஆட்டத்தில் நேரமும் இழக்கிறேன். வளைவு கண்ணில் பட்டதுமே கால் தானாக எழுந்துவிடுகிறது. அவுட்ரனில் பெரும்பாலான வளைவுகளை மிதித்தபடியே, முன்கூட்டித் திருப்பி எடுக்க வேண்டும். மகன் பின்னால் நின்று, "அப்பா, பெல் அடிச்சாச்சு, அடுத்த ஸ்டாப்ல நிறுத்துங்க" என்கிறான். அவன் கியரைக் கீழே மேலே தட்டித் தட்டிப் புல்லில்கூட வேகம் குறையாமல் ஓடுகிறான். ஜப்பானில் கியா-கச்சா என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். என் வீட்டில் அதற்குப் பெயர் கள்ளாட்டம்.

பி வகை வாங்க மறுபடி ஜாலான் புசார் போக வேண்டும். அந்த வாரம் முழுக்கக் காலை வேலை, வார இறுதியில் வீட்டில் விசேஷம். பெடல் இல்லாமல் இருக்கவும் முடியவில்லை. எனவே பழைய பாட்டையே திரும்ப மாட்டலாம் என்று எடுத்தேன். பொழுது போகாமல் அதன் மூடியை நெம்பித் திறந்து, சமையலறை விளக்கு வெளிச்சத்தில் கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

கருப்புக் கார்பன் தடம், குதிரை லாடம் மாதிரி. முக்கால்வாசி புதிதாக மினுமினுத்தது. ஒரு பக்கத்தில் மட்டும் நெல் அளவுக்கு ஒரு தேய்ந்த இடம், சாம்பல் நிறம்.

அப்போதுதான் உறைத்தது. பாட் ஏறக்குறைய 300 டிகிரி திரும்பும். பெடல் தரை தொடும்வரை பல்சக்கரம் அதைத் திருப்புவது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கார் ஆட்டம் ஆடுகிறவன் என்ன செய்வான்? முழுக்க மிதித்து அப்படியே வைத்திருப்பான். கால் லேசாக நடுங்கும். உள்ளே உள்ள உலோக நாக்கு அதே ஒரு மில்லிமீட்டரில் முன்னும் பின்னும் தேய்த்துக்கொண்டே இருக்கும். எனக்கு முன் வைத்திருந்தவரும் அதே இடத்தில்தான் தேய்த்திருப்பார். ஆகவே முழு மிதியில் மட்டும் ஆட்டம், பாதி மிதியில் இல்லை. முதல் நாளே கணினித் திரை சொன்ன சேதி அது.

தடத்தில் தேயாத இடம் இவ்வளவு இருக்கும்போது புது பாட் எதற்கு? சின்னப் பல்சக்கரத்தைத் தூக்கி, பாட்டின் தண்டைக் கொஞ்சம் திருப்பி, இரண்டு பல் தள்ளி மாட்டினேன். வேறு வேலை இல்லை. முதல்முறை தவறான பக்கம் தள்ளிவிட்டேன். பெடல் தரை தொடும் முன்பே பாட் தன் கோடியில் முட்டி "கடக்" என்றது. உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன், தப்பித்தது. இதைச் செய்கிறவர்கள் ஸ்பிரிங்கை மாட்டும் முன், கையால் பெடலை மெதுவாகத் தரைவரை அழுத்திப் பாருங்கள். இரண்டு கோடியிலும் பாட் இன்னும் கொஞ்சம் திரும்ப இடம் மிச்சம் இருக்க வேண்டும். அப்புறம் கணினியில் அளவை மறுபடி சரிசெய்ய வேண்டும். என் பெடலில் யூஎஸ்பி செருகியதும் ஒரு தடவை முழுக்க மிதித்துவிட வேண்டும், அப்போதுதான் எது உச்சி என்று அது கற்றுக்கொள்கிறது. இது தெரியாமல் இன்னொரு அரை மணி நேரம் திட்டித் தீர்த்தேன்.

பட்டை உச்சிக்குப் போனது. நின்றது. காலை வேண்டுமென்றே ஆட்டினேன். நின்றது.

நான் ஓடுவது எப்போதும் வலப்பக்கம்: கோகனட் பீச், டெவில்ஸ் கேன்யன், கிளவுடி மவுன்டன், சீசைட் டவுன், லேக்சைட். மொத்தம் 15 கட்டம், ஓர் ஓட்டத்தில் ஐந்துதான் வரும், ஐந்து முடிவுகள். இடப்பக்கம் எளிது, வலப்பக்கம் கடினம். வேலைக்குப் போய் வந்து அரை மணி நேரம் கிடைக்கிறவன் எளிதானதில் போய் என்ன செய்ய? நேற்றுவரை சீசைட் டவுனில் நேரம் முடிந்து, கார் உருண்டு உருண்டு நிற்கும். நேற்று முதன்முறையாக லேக்சைட் வந்தது. அதில் பாதிகூடப் போகவில்லை, ஒரு லாரியின் பின்னால் போய்ச் சொருகி, கார் பல்டி அடித்து, ஆளும் பெண்ணும் சாலையில். ஆனால் உருள்வதற்கு முன்வரை 293 தான்.

பெடல் வழுக்கும் பிரச்சினைக்கும் ஒரு வார்த்தை. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு டைல்ஸ் தரையில் பெடல் பெட்டி ஒவ்வொரு மிதிக்கும் ஓர் அங்குலம் நகரும். பெடலை மாட்டி வைக்கக் கடையில் விற்கும் சட்டம் ஒன்றின் விலை என் கணினியை விட அதிகம். யோகா பாய் மேல் வைத்து, பின்னால் 5 கிலோ பொன்னி அரிசிப் பையைச் சுவரோடு முட்டுக் கொடுத்தேன். பிரமாதம். கீழ்வீட்டுக்காரருக்கும் அதிர்வு போகாது. ஒரே குறை, "என்னங்க, அரிசி எங்க?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தால் ஆட்டத்தை நிறுத்தியாக வேண்டும். ஸ்டீயரிங்கைச் சாப்பாட்டு மேசையில் கவ்வ வைத்திருப்பதால், இரவு எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும்வரை அதுவும் கிடையாது.

அடுத்த திட்டம் கியர். அவுட்ரனுக்கு மேல், கீழ் இரண்டே கியர். ஸ்டீயரிங்கின் பின்னால் உள்ள கியர் துடுப்பைத் தட்டினால் சுகமாக இல்லை, கையில் பிடித்துத் தள்ளும் தண்டு வேண்டும். இரண்டு மைக்ரோஸ்விட்ச், ஒரு மரப்பெட்டி, அன்று வாங்கிய கைப்பிடிக் குமிழ். குமிழ் ஏன் வாங்கினேன் என்பதற்கு இப்போது காரணம் கிடைத்துவிட்டது. அதற்கு அப்புறம் பாட்டையே ஒழித்துவிட்டு, காந்தப்புலத்தை அளக்கும் 49ஈ வகை ஹால் சென்சரும் ஒரு குட்டிக் காந்தமும் வைக்கலாம் என்று நினைப்பு. காந்தம் எதையும் தொடாது, எனவே தேய்வதற்கே ஒன்றும் இல்லை. காந்தத்தின் தூரத்துக்கும் அது தரும் அளவுக்கும் நேர்க்கோட்டு உறவு இருக்காது என்பதுதான் தலைவலி. ஏ வகை பாட்டில் பட்ட சூடு இன்னும் ஆறவில்லை. காந்தத்தை நேராக நெருங்க விடாமல் பக்கவாட்டில் நகரவிட்டால் கொஞ்சம் சீராகும் போலிருக்கிறது. செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

இன்று வேலை சீக்கிரம் முடிந்தது, ஜாலான் புசார் போய் பி10கே இரண்டு வாங்கி வந்துவிட்டேன். தேவையில்லைதான். ஆனால் வீட்டுக்கு வந்து ஜாய் டாட் சிபிஎல்லைத் திறந்தபோது பிரேக் பட்டையும் லேசாக ஆடியது. "அவுட்ரன்ல யாருப்பா பிரேக் பிடிப்பாங்க?" என்கிறான் மகன். நான் பிடிக்கிறேன், ஒவ்வொரு வளைவிலும்.