தாயும் சேயும்: நீர்வண்ணத்தில் மூன்றாவது தாள்

குழந்தையின் நெற்றியில் தன் கன்னத்தைப் பதித்திருக்கும் ஒரு தாயை நீர்வண்ணத்தில் வரையத் தொடங்கி, இரண்டு தாள்களைக் கைவிட்ட பிறகு, மூன்றாவது தாளில்தான் மனம் ஓரளவு நிறைந்தது.

முதல் தாளில் பென்சில் கோடுகளே பிழையாக அமைந்தன. பெரியவர்களின் கண்கள் தலையின் உயரத்தில் ஏறத்தாழ நடுவில் இருக்கும். குழந்தைக்கோ நெற்றி பெரிதாகவும் தாடை சிறிதாகவும் இருப்பதால் கண்கள் அந்த நடுக்கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். இதைக் கவனியாமல் இருவருக்கும் ஒரே கணக்கில் கோடிட்டதால், குழந்தையின் முகத்தில் முதிர்ச்சி ஏறிவிட்டது.

இரண்டாவது தாளில் உருவம் சரியாகவே வந்தது. ஆனால் தாயின் கன்னத்தை முடித்து, அது காய்ந்த பிறகே குழந்தையின் நெற்றிக்கு வண்ணம் இட்டதால், இரண்டும் சேரும் இடத்தில் வெட்டி ஒட்டியதுபோல ஒரு கூரிய விளிம்பு விழுந்தது. கலவையில் இருந்த அலிசரின் கிரிம்சன் என்னும் அடர்சிவப்பு, தாளில் கறையாகப் பிடித்துக்கொள்ளும் நிறமி ஆதலால், ஈரத் தூரிகையால் எவ்வளவு ஒற்றியெடுத்தும் அந்தக் கோடு முழுமையாக அகலவில்லை. தழுவலை வரைய வந்த எனக்கு அந்தக் கோடு உண்மையாகவே வருத்தம் தந்தது.

ஆகவே மூன்றாவது முறை, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள (300 ஜிஎஸ்எம்) தடித்த பருத்தித் தாளில் இரு முகங்களையும் ஒரே பரப்பாகக் கருதிச் சேர்த்தே நனைத்து, குழந்தையின் மூக்கு நுனியில் மட்டும் தாளின் வெண்மையை விட்டுவிட்டு, யெல்லோ ஓக்கர் என்னும் மண்மஞ்சளும் சிறிது சிவப்பும் கலந்த நீர்த்த வண்ணத்தை எல்லையின்றிப் பரப்பினேன். நீரின் பளபளப்பு மங்கத் தொடங்கியபோது, கன்னமும் நெற்றியும் தொடும் இடத்தில் பர்ன்ட் சியென்னா என்னும் செம்பழுப்பைச் சற்றுக் கெட்டியாக வைத்தேன். அது தானாகவே இருபுறமும் மெல்லப் படர்ந்து நின்றது. அந்நேரத்தில் தூரிகையில் நீர் மிகுந்திருந்தால் வண்ணம் பின்னோக்கித் தள்ளப்பட்டுப் பூக்கோசு வடிவில் திட்டு விழும் என்பதால், ஒவ்வொரு முறையும் தூரிகையைத் துணியில் ஒற்றிக்கொண்டேன். காய்ந்தால் நிறம் வெளிறும் என்பதையும் எண்ணி ஒரு படி அழுத்தமாகவே இட்டேன்.

தாடையின் கீழுள்ள நிழலுக்குக் கறுப்பைத் தவிர்த்து, அல்ட்ராமரீன் என்னும் அடர்நீலத்தையும் பர்ன்ட் சியென்னாவையும் கலந்துகொண்டேன். தாயின் தோளைப் பற்றியிருக்கும் குழந்தையின் விரல்கள் இன்னும் பென்சில் கோடுகளாகவே இருக்கின்றன. அவற்றையும் தோளோடு சேர்த்தே நனைத்துத் தொடங்கவிருக்கிறேன்.