புது லேப்டாப்பில் டெபியன் 12: வைஃபை வந்தது, மைக் வந்தது, கைரேகை பாக்கி

ரைசன் 5 7535எச்எஸ் புராசஸர், 16 ஜிபி ரேம், வைஃபை 6 கார்டு. விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட வேண்டும் என்பது திட்டம். இதுவரை நடந்ததை எழுதி வைக்கிறேன். இதே வகை மெஷின் வாங்கியவர்களுக்குப் பயன்படும்.

விண்டோஸ் பக்கத்து வேலைகளை முதலில் முடித்தேன். இப்போதெல்லாம் ஹோம் பதிப்பிலேயே டிஸ்க் என்க்ரிப்ஷன் தானாக ஓடிக்கொண்டிருக்கலாம். அதற்கான 48 இலக்க மீட்பு எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகுதான், மெஷினைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸில் கை வைக்க வேண்டும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் அணைத்துவிட்டேன். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடப்படாமல் பாதி உறக்கத்தில் நிற்கும், லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எழுத விடாது. நம்பகமான கையெழுத்துள்ள மென்பொருளை மட்டும் தொடங்க விடும் செக்யூர் பூட்டைத் தொடவில்லை. 2019இல் வந்த டெபியன் 10 முதலே அதற்கு ஆதரவு இருக்கிறது.

பென்டிரைவிலிருந்து நிறுவியைத் திறந்தால் வைஃபை கார்டே இல்லை என்றது. மெல்லிய லேப்டாப் என்பதால் ஈதர்நெட் துளையும் கிடையாது. போனை யுஎஸ்பி வயரில் செருகி டெதரிங் போட்டேன். நிறுவி அதை ஒரு நெட்வொர்க் கார்டாகவே எடுத்துக்கொண்டது. மிச்சம் எல்லாம் தடையில்லாமல் ஏறிவிட்டது. டச்பேட், திரை வெளிச்சம், எச்டிஎம்ஐ ஆகியவற்றுக்கு எதுவுமே செய்ய வேண்டியிருக்கவில்லை.

சரி, வைஃபை. இந்த மாதிரி நேரத்தில் லேப்டாப்பின் மாடல் பெயரைப் போட்டுத் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரே மாடலில் ஒரு பெட்டிக்குள் மீடியாடெக் கார்டு இருக்கும், இன்னொன்றில் ரியல்டெக் இருக்கும். தேட வேண்டியது சிப்பின் பெயரை. எல்எஸ்பிசிஐ கட்டளையோடு -என்என் சேர்த்து அடித்தால் ஒவ்வொரு கருவிக்கும் இரட்டை எண் ஒன்று காட்டும். முதல் பாதி தயாரிப்பாளரைச் சொல்லும்: 8086 என்றால் இன்டெல், 14சி3 என்றால் மீடியாடெக், 10ஈசி என்றால் ரியல்டெக். என்னுடையது 10ஈசி:பி852, அதாவது ஆர்டிஎல்8852பிஇ.

இந்தச் சிப்புக்கு டிரைவர் இல்லாமல் இல்லை. ரியல்டெக் பொறியாளர்களே எழுதிக் கொடுத்த ஆர்டிடபிள்யூ89 என்ற டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அதில் 8852பிஇ சேர்ந்தது 6.2 கெர்னலில். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 தாங்கி நிற்பது 6.1. ஒரே ஒரு படி வித்தியாசம்! புது லேப்டாப்பில் "லினக்ஸ் ஒத்துவரவில்லை" என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இதுதான் என்பது என் கணிப்பு. ஆதரவு எழுதப்பட்டிருக்கும், நாம் போட்ட கெர்னல் அதற்கு முந்தையதாக இருக்கும்.

வெளியிலிருந்து டிரைவரின் மூல நிரலை இறக்கி நாமே கம்பைல் செய்துகொள்ளவும் வழி உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. கெர்னல் மாறும்போதெல்லாம் மறுபடி கம்பைல் ஆக வேண்டும், செக்யூர் பூட் இருப்பதால் சொந்தச் சாவியால் கையெழுத்திட வேண்டும். அதனால் பழைய டெபியனுக்கும் புதிய மென்பொருளைத் தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தைச் சேர்த்து, அங்கிருந்து புது கெர்னலையும், கார்டுக்குள் ஓடும் மென்பொருள் அடங்கிய ஃபர்ம்வேர்-ரியல்டெக் தொகுப்பையும் ஒன்றாக ஏற்றினேன். இரண்டையும் சேர்த்தே ஏற்றுங்கள், புது கெர்னல் புது ஃபர்ம்வேர் கோப்பைக் கேட்கலாம். ரீபூட் செய்ததும் வீட்டு வைஃபை பட்டியலில் வந்து நின்றது.

அப்புறம் மைக். ஸ்பீக்கரில் பாட்டு நன்றாகக் கேட்கிறது, ஹெட்செட் மைக்கும் வேலை செய்கிறது, திரைக்கு மேலே இருக்கும் மைக் மட்டும் பட்டியலிலேயே இல்லை. காரணத்தைத் தோண்டிப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்தத் தலைமுறை ஏஎம்டி மெஷின்களில் டிஜிட்டல் மைக் புராசஸரோடு நேரடியாக இணைந்திருக்கிறது. "இங்கே மைக் இருக்கிறது" என்று பயாஸ் கெர்னலிடம் சொல்ல வேண்டும். பல மாடல்களில் பயாஸ் சொல்வதில்லை. அதனால் கெர்னலின் ஒலிப் பகுதியில், ஏசிபி6எக்ஸ்-மேக் என்ற சி கோப்பில், தயாரிப்பாளர் பெயரும் மாடல் குறியீடுமாக நீண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் பெயர் இருந்தால் மைக் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

ஒரு மாடலுக்கு ஏழெட்டு வரிதான். அந்த வரிகளில் பலவற்றை, அதே லேப்டாப்பை வாங்கி மைக் இல்லாமல் தவித்தவர்களே எழுதி அனுப்பியிருக்கிறார்கள். மெஷினின் விவரம் சொல்லும் டிஎம்ஐடிகோட் கட்டளை காட்டிய என் மாடல் குறியீடு 6.1இன் பட்டியலில் இல்லை, பேக்போர்ட்ஸ் கெர்னலின் பட்டியலில் இருந்தது. முகம் தெரியாத யாரோ சேர்த்துவிட்டுப் போன வரிகளால்தான் இப்போது வீடியோ அழைப்பில் என் குரல் கேட்கிறது. அவருக்கு மனதார நன்றி.

இரண்டு ஓஎஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும். வன்பொருள் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் ரியல்டைம்இஸ்யூனிவர்சல் மதிப்பை 1 ஆக்கினால் சரியாகிவிடும்.

மூடியை மூடினால் தூங்குவது இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. இந்த மெஷினில் ரேம் தவிர மற்றதெல்லாம் அணையும் பழைய எஸ்3 உறக்கம் கிடையாது, புராசஸர் அணையாமல் சும்மா இருக்கும் எஸ்2ஐடில் மட்டும்தான். வயர்லெஸ் மவுஸின் யுஎஸ்பி ரிசீவர் தொட்டதற்கெல்லாம் மெஷினை எழுப்பிக்கொண்டிருந்தது. அந்தப் போர்ட்டின் வேக்அப்பை அணைத்ததும் நின்றது. ஏஎம்டி பொறியாளர்கள் எழுதிய எஸ்2ஐடில் சோதனை நிரலை ஓட்டி, இரவில் சார்ஜ் எவ்வளவு இறங்குகிறது என்று இப்போது குறித்துக்கொண்டு வருகிறேன்.

கைரேகை சென்சார் மட்டும் வேலை செய்யவில்லை. யுஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளை காட்டும் எண், லினக்ஸில் கைரேகை சென்சார்களை இயக்கும் லிப்எஃப்பிரின்ட்டின் ஆதரவுப் பட்டியலில் இல்லை. இங்கே கெர்னலை மாற்றிப் பயனில்லை, யாராவது டிரைவர் எழுதினால்தான் உண்டு. அதுவரை பாஸ்வேர்டுதான். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 தொடக்கத்திலேயே 6.12 கெர்னலோடு வருகிறது. இன்று இதே மெஷினில் புதிதாகப் போடுகிறவர்கள் 13ஐயே எடுங்கள், பேக்போர்ட்ஸ் வேலை மிச்சம்.