கொண்டை ஊசி வளைவில் போன முன் ஆக்ஸில்

தாண்டிக்குடிக்கு மேலே எங்களுக்கு மூன்று ஏக்கர் காபி இருக்கிறது. மார்ச் மாதம் பூ மழை ஏமாற்றிவிட்டால், புதிதாக நட்ட கன்றுகளுக்குத் தண்ணீர் சுமந்துதான் ஆக வேண்டும். அதற்காகவே என் ஃபோர் வீல் பிக்கப்புக்குப் பின்னால் ஒரு டிரெய்லர், அதன் மேல் 1,000 லிட்டர் டேங்க். நிரப்பினால் தண்ணீர் மட்டுமே ஒரு டன், இரும்பு தனி.

தோட்டத்துப் பாதை பாதி மண், பாதி கான்கிரீட். மண் ஏற்றத்தில் 4எல் (நாலு சக்கரமும் மெதுவாக, அதிக விசையோடு இழுக்கும் நிலை) போட்டு ஏறுவேன். கான்கிரீட் வந்ததும் நிறுத்தி 2எச்சுக்கு (பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை) மாற்ற வேண்டும். அன்றைக்கு மாற்றவில்லை. நூறு அடி தாண்டினால் மறுபடி மண்தானே என்ற சோம்பல். அந்த நூறு அடிக்குள்தான் கொண்டை ஊசி வளைவு. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன், வண்டி திணறியது, இன்னும் கொஞ்சம் மிதித்தேன். கீழே சம்மட்டியால் அடித்த மாதிரி ஒரு சத்தம். அப்புறம் வலது முன்சக்கரத்துக்குள் கரகரவென்று ஏதோ அரைபட்டது.

சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்துவிட்டு முதலில் டேங்க் வால்வைத் திறந்துவிட்டேன். சரிவில் அவ்வளவு எடையை வைத்துக்கொண்டு வண்டிக்கடியில் போகத் தைரியமில்லை. தண்ணீர் முழுக்க சித்தப்பா தோட்டத்துக்குள் இறங்கியது. அவர் மட்டும் அந்த நாளை இன்றும் சந்தோஷமாகச் சொல்வார்.

வத்தலகுண்டிலிருந்து மெக்கானிக் அண்ணன் பைக்கில் வந்து சேர மதியமாகிவிட்டது. சக்கரத்தைக் கழற்றி, அதைச் சுழற்றும் தண்டான ஆக்ஸில் ஷாஃப்ட்டை உருவினார். அதன் வெளிப்பக்க சிவி ஜாயின்ட்டுக்குள், அதாவது சக்கரம் திரும்பினாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டுக்குள், ஆறு குண்டுகள் இருக்க வேண்டும். ஐந்துதான் கிடைத்தன. குண்டுகளைப் பிடித்து வைக்கும் வளையம் மூன்று துண்டு. கறுப்பாக, பசை போல இருக்க வேண்டிய கிரீஸ், துருவும் மணலும் கலந்து செம்மண் சேறாக இருந்தது.

“இது இன்னைக்குப் போனதில்ல தம்பி. ஜாயின்ட்டை மூடுற ரப்பர் உறை, அந்த பூட், எப்பக் கிழிஞ்சது?”

எனக்குத் தெரியும். தீபாவளி சமயத்திலிருந்தே திரும்பும்போது டக் டக் என்று கேட்டுக்கொண்டிருந்தது. கல் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பாரம் அதிகம், அதனால் உடைந்தது என்றுதான் நான் நினைத்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட தூரம் சுற்றுகின்றன. முன்னையும் பின்னையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் நடு டிஃபரென்ஷியல் எங்கள் வண்டியில் இல்லை. அப்படிப்பட்ட ஃபோர் வீலில், 4எல் போட்டால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த கான்கிரீட் விடாது; முறுக்கு முழுவதும் ஷாஃப்ட்டில் ஏறும். ஏற்றத்தில் டிரெய்லர் பின்பக்கத்தை அமுக்குவதால் மூக்கு லேசாகி, முன்சக்கரம் துள்ளித் துள்ளிப் பிடிக்கும். ஒவ்வொரு பிடிப்பும் ஜாயின்ட்டுக்கு ஓர் அடி. போதாததற்கு டேங்க் அன்று முக்கால்தான் நிரம்பியிருந்தது. உள்ளே தடுப்பு கிடையாது, தண்ணீர் அலம்பி வண்டியைப் பின்னுக்கு இழுத்தது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் கியரில் ஏறத்தாழ நாலு மடங்கு, லோ ரேஞ்சில் (அதுதான் 4எல்) இரண்டரை, டிஃபரென்ஷியலில் நாலு. என்ஜின் விசை 40 மடங்காகி வருகிறது. ஸ்டியரிங் நேராக இருந்தால் ஜாயின்ட் ஓரளவு தாங்கும். கோணம் கூடக் கூட அதன் பலம் குறையும். நானோ அழகுக்காக முன்பக்கத்தை உயர்த்த 2 இன்ச் ஸ்பேசர் வைத்து அந்தக் கோணத்தை முன்கூட்டியே கூட்டி வைத்திருந்தேன்.

மலையிலிருந்து இறங்கியது தனிக்கதை. ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு டூ வீலில் ஓட்டினால் போதும் என்று நினைத்தேன். அண்ணன் தடுத்தார். சக்கரத்தின் நடுவான ஹப்புக்குள் நுழையும் ஜாயின்ட்டின் வெளித் துண்டும் நட்டும்தான் இந்த வண்டியில் வீல் பேரிங்கை இறுக்கிப் பிடிக்கின்றன. வெறுமனே ஓட்டினால் பேரிங் பிரிந்துவிடுமாம். உடைந்த ஜாயின்ட்டின் கிண்ணத்தை மட்டும் துடைத்துத் திரும்பச் சொருகி நட்டை முறுக்கினார். உள்பக்கம் ஆறு போல்ட்டில் நிற்கும் ரகம் என்பதால் டிஃபரென்ஷியல் ஆயில் கொட்டவில்லை. டிரெய்லரை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினோம்.

இன்ஷூரன்ஸில் கேட்டேன். விபத்து இல்லை, இயந்திரக் கோளாறு, கிடைக்காது என்றார்கள். முழு ஷாஃப்ட் புதிதாக வாங்க மனம் வரவில்லை. சென்னை புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும் என்றார் நண்பர். அதன் ஜாயின்ட் எத்தனை மலை ஏறியதோ என்று அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் திண்டுக்கல்லில் வெளி ஜாயின்ட் மட்டும், பூட், மாலிப்டினம் கிரீஸ் பாக்கெட்டோடு சேர்த்து வாங்கினோம். இடது பக்க ரப்பர் உறையை விரித்துப் பார்த்தால் மடிப்பில் மயிரிழை வெடிப்பு. அதையும் மாற்றினோம். ஸ்பேசர் இப்போது கோழிக்கூண்டு கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடக்கிறது.

டேங்கும் 500 லிட்டராகிவிட்டது, அதை முழுக்க நிரப்புகிறேன். ரெண்டு நடை கூடத்தான். கான்கிரீட் தொடங்கும் இடத்தில் ஒரு பலாமரம் இருக்கிறது. அங்கே நிறுத்தி 2எச் போட்டுவிட்டுத்தான் வளைவுக்குப் போகிறேன். பழுது பார்த்த பிறகு முதல் நடையில் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு போனேன். பாதி வளைவில் டக் டக். நெஞ்சு நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் டேங்க் மூடியின் சங்கிலி.