காக்கா மகளின் சேமிப்பும் நான் செலுத்தாமல் விட்ட ஜகாத்தும்

என் காக்கா, அதாவது அண்ணன், மறைந்து மூன்றரை ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் வாப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டதால், தம் மகளின் சொத்தைப் பராமரிக்கும் பொறுப்பைக் காக்கா வஸிய்யத்தாக (மரண சாசனமாக) என்னிடம் ஒப்படைத்திருந்தார். பாகப்பிரிவினையில் அவளுக்கு வந்த 8,00,000 ரூபாயை அவள் பெயரிலேயே வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு ரமலானிலும் என் சேமிப்புக்குரிய ஜகாத்தை, அதாவது ஏழைகளுக்குரிய கட்டாயக் கொடையை, கணக்கிட்டுக் கொடுத்து வந்த நான், அவள் பணத்திற்குக் கணக்கே பார்க்கவில்லை. தொழுகையும் நோன்பும் கடமையாகாத ஒரு சிறுமிக்கு ஜகாத் மட்டும் எப்படிக் கடமையாகும் என்று, யாரிடமும் கேட்காமல் நானே முடிவு செய்துகொண்டேன். தந்தையை இழந்த பிள்ளையான யத்தீமின் பணத்தில் கை வைக்கக் கூடாது என்ற அச்சமும் அந்த முடிவை உறுதிப்படுத்தியது.

சென்ற மாதம் எங்கள் மஹல்லாவின் மார்க்க அறிஞரான ஆலிம் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். நான் சொல்லிக்கொண்ட காரணம் இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளில் ஒன்றான ஹனஃபி மத்ஹபில் உள்ளதுதான். ஜகாத் ஒரு வணக்கம் என்பதால் பருவமடையாதவர் சேமிப்பில் அது கடமையாகாது என்பது அவர்களது நிலை. ஆனால் நாங்கள் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். ஏழைகளின் உரிமை செல்வத்தின் மீதே விழுகிறது, எனவே உரியவர் குழந்தையாக இருந்தாலும் அவருடைய பொறுப்பாளர் அந்தப் பணத்திலிருந்தே எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது நம் இமாம்களின் சட்டம் என்று அவர் விளக்கினார். நபிகளாரின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்கள் தம் பராமரிப்பில் இருந்த அநாதைகளான சகோதரர் பிள்ளைகளின் செல்வத்திலிருந்து ஜகாத் கொடுத்து வந்த செய்தியையும் நினைவுபடுத்தினார். நானும் சகோதரரின் பிள்ளையைத்தான் பராமரிக்கிறேன் என்பதால் அந்தச் செய்தி என்னை உலுக்கிவிட்டது.

அதைவிடக் கனமான ஒன்றை அவர் இறுதியில் சொன்னார். பொறுப்பாளர் கொடுக்காமல் விட்டால் அவர் குற்றவாளியாவதோடு, அந்தப் பிள்ளை பருவமடைந்த பின் கடந்த ஆண்டுகள் அனைத்திற்கும் தானே கொடுக்க வேண்டியிருக்கும். அவள் பணத்தைக் காப்பதாக எண்ணிக்கொண்டு, அவள் தலையில் ஆண்டுதோறும் ஒரு கடனை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

அன்றிரவே கணக்கெழுதினேன். ரூபாய்க்கு வெள்ளியின் நிஸாபான (ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவான) 595 கிராமின் மதிப்பையே அளவாகக் கொள்வது ஏழைகளுக்கு நன்மை என்ற அடிப்படையில் பார்த்தால், அவள் தொகை எந்த ஆண்டிலும் அந்த எல்லைக்கு வெகு மேலேயே இருந்திருக்கிறது. திருமணத்திற்கென்று ஒதுக்கப்பட்டது என்பதோ, வைப்புக் காலம் முடியவில்லை என்பதோ விலக்காகாது. 2.5 சதவீதப்படி முதல் ஆண்டுக்கு 20,000, மீதமுள்ள 7,80,000 ரூபாய்க்கு 19,500, அதன் பிறகு எஞ்சிய 7,60,500 ரூபாய்க்கு 19,012 ரூபாய் 50 காசு, ஆக மொத்தம் 58,512 ரூபாய் 50 காசு. வங்கி சேர்த்த வட்டி அவளுக்குச் சொந்தமாகாது என்பதால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதை ஜகாத்தாகவும் கொடுக்க முடியாது, நன்மையை எதிர்பாராமல் வறியவர்களுக்குக் கொடுத்து நீக்க வேண்டியதுதான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருந்தது. வைப்பு புதுப்பிக்கப்படுவது ஆங்கிலத் தேதியில். ஜகாத்தின் ஆண்டோ பிறைக் கணக்கில் ஏறத்தாழ 354 நாட்களில் முடிகிறது. ஆகவே அவள் அந்தப் பணத்திற்கு உரியவளான ஷஅபான் மாதம் 12ஆம் நாளையே ஏட்டில் குறித்துக்கொண்டேன்.

காக்காவின் மனைவியிடம் அந்த ஏட்டைக் காட்டியபோது, இப்படியே ஆண்டுதோறும் எடுத்தால் பிள்ளை பெரியவளாகும்போது என்ன மிஞ்சும் என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. அநாதைகளின் செல்வத்தை ஜகாத் தின்றுவிடாதபடி அதை வணிகத்தில் ஈடுபடுத்துங்கள் என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் கூறியதாக வந்துள்ள செய்தி இதற்காகவே சொல்லப்பட்டது போல் எனக்குப் பட்டது. வாடகைக்கு விடும் கடையின் மதிப்புக்கு ஜகாத் இல்லை, ஆண்டு நிறைவில் சேர்ந்திருக்கும் வாடகைப் பணத்திற்கே உண்டு என்பதால், வைப்பை முடித்து, அவள் பெயரில் ஒரு சிறு கடையில் பங்கு வாங்கலாம் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம். நிலுவையிலிருந்த ஜகாத்தை அவளுக்காக நிய்யத் (மன உறுதி) வைத்து உரியவர்களிடம் சேர்த்துவிட்டேன். அவள் வளர்ந்ததும் பார்த்துக்கொள்ள, ஒவ்வொரு தொகையையும் தேதியோடு ஏட்டில் எழுதியிருக்கிறேன்; கொடுக்காமல் விட்ட ஆண்டுகளையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.