வாங்க வராத 640 பக்கங்கள்

மேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 பரீட்சை அறிவிப்பு வந்தால் எங்களுக்கு அன்றுதான் தீபாவளி. வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வந்து விழும், பின்னாலேயே போன் வரும். "அக்கா, பேக் டு பேக் போட்டு ஸ்பைரல் பண்ணி வைங்க, சாயந்திரம் வந்து வாங்கிக்கிறேன்." டெலிகிராமில் யாரோ தொகுத்துப் போட்டதாக இருக்கும். 600 பக்கம், 640 பக்கம். பாதிப் பேர் அந்தச் சாயந்திரம் வரவே மாட்டார்கள். அட்வான்ஸ் இல்லாமல் பிரிண்ட் கிடையாது என்று கடைக்கார அண்ணன் கடைசியில் போர்டே எழுதி மாட்டினார்.

அப்படி வாங்க ஆளில்லாமல் கிடந்த ஒரு 640 பக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன். 2022-இல் அதையும் போனையும் நம்பித்தான் முதல் தடவை பரீட்சை எழுதினேன்.

அந்த வருடம் ஜூலை 24. விண்ணப்பித்தவர்கள் மட்டும் சுமார் 22 லட்சம் பேர். தமிழில் 100 கேள்வி, பொது அறிவில் 75, கணக்கும் புத்திக்கூர்மையும் சேர்த்து 25. ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மதிப்பெண், மூன்று மணி நேரம். கேள்விக்கு முழுதாக ஒரு நிமிடம்கூடக் கிடையாது. வெளியே வந்து "ஈஸியாத்தான் இருந்துச்சு" என்று அம்மாவிடம் சொன்னேன். ஆன்சர் கீ வைத்துப் பார்த்தால் 132 சரி. அதில் தமிழ் 61. எனக்குத் தமிழ்தான் பலம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

எங்கே போனது என்று உட்கார்ந்து பார்த்தேன். தெரியாத கேள்விகள் குறைவு. 'இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே' என்று தோன்றியவைதான் காலை வாரியிருந்தன. வீடியோவில் ஒருவர் கடகடவென்று சொல்லிக்கொண்டு போகும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். நாமும் தலையை ஆட்டுவோம். பரீட்சை அறையில் நான்கு விடையும் தெரிந்த முகமாக நிற்கும்போதுதான் வண்டவாளம் தெரியும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த 640 பக்கத்தில் ஒரு வரி: 'உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே – மணிமேகலை'. மனப்பாடம் செய்துவிட்டேன். பிறகு ஒரு மாதிரித் தேர்வில் 'நீரின்று அமையா யாக்கைக்கெல்லாம்' என்று தொடங்கி இதே வரியைக் கேட்டு, எந்த நூல் என்றார்கள். யோசிக்கவே இல்லை, மணிமேகலை என்று குறித்தேன். தப்பு. அது புறநானூறு, குடபுலவியனார் பாடியது. மணிமேகலையில் இதற்கு முந்தைய வரி வேறு: 'மண்திணி ஞாலத்து வாழ்வோர்க்கெல்லாம்'. என்னிடம் இருந்த நோட்ஸ் பொய் சொல்லவில்லை. பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான். யூடியூபில் ஒரு வீடியோவுக்குக் கீழே இதே வரிக்காக இரண்டு பேர் கட்டிப்புரண்டுகொண்டிருந்தார்கள். இரண்டு பேர் சொன்னதும் சரிதான், பாட்டை முழுதாகப் படித்தவர்தான் அங்கே யாரும் இல்லை.

அன்றிலிருந்து தமிழுக்குப் பாடப்புத்தகம் தவிர வேறு எதையும் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அத்தனையும் அரசு இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. 2018-இலிருந்து வந்த புதுப் புத்தகங்களில், நூலையும் ஆசிரியரையும் பற்றிச் சொல்லும் நூல்வெளி என்று ஒரு கட்டம் இருக்கும். எல்லா வீடியோவும் அதைத்தான் வாசிக்கும். ஓரத்தில் 'தெரிந்து தெளிவோம்' என்று ஒரு பெட்டி கிடக்கும். அதை விட்டுவிடாதீர்கள்.

பிடிஎஃப் என்றால் தேடிக்கொள்ளலாமே என்பார்கள். ஜெராக்ஸ் கடைக்காரி சொல்கிறேன், நம்பாதீர்கள். தமிழ் பிடிஎஃப் பலவற்றில் எழுத்துரு யூனிகோடாக இருக்காது. திரையில் 'குடபுலவியனார்' என்று அழகாகத் தெரியும், தேடினால் இல்லை என்று வரும், காப்பி செய்து ஒட்டினால் கொக்கி கொக்கியாக ஏதோ விழும். நானே ஒரு 80 பக்க நோட்டில் புலவர் பெயர், நூல், வகுப்பு, பக்க எண் என்று கையால் எழுதினேன். ஒன்றரை மாதம் ஆனது. முடிக்கும்போது அந்த நோட்டைத் திறக்கவேண்டிய தேவை அவ்வளவாக இருக்கவில்லை.

இன்னொரு ஓட்டை எனக்கே வெட்கமாக இருந்தது. பாடத்திட்டத்தில் சொற்களை அகர வரிசைப்படி எழுதுவது உண்டு. சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நினைத்திருந்தேன். மனை, மறை, மழை, மலை. வரிசைப்படுத்துங்கள் பார்ப்போம். நான் மனையை முதலில் வைத்தேன். சரியான வரிசை மலை, மழை, மறை, மனை. ன என்பது மெய்யெழுத்தில் கடைசி எழுத்து. ஒன்றாம் வகுப்பில் பாடின வரிசைதான், ஆனால் நான் அகராதியைப் புரட்டி எத்தனை வருடம் ஆகிவிட்டது! போனில் சொல்லைத் தட்டினால் பொருள் வருகிறது. காண்டாக்ட்டில் பெயரெல்லாம் இங்கிலீஷில் கிடக்கிறது. வரிசைக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது.

ர-ற, ன-ண, ல-ழ-ள கதையும் அதேதான். போனில் குறிப்பெடுக்கும்போது நான் பேசித்தான் பதிவேன். அது 'கறை' கேட்டால் 'கரை' போடும், நானும் பார்க்காமல் சேமித்துவிடுவேன். இதில் என்னைக் காப்பாற்றியது, பத்தாவது முடித்த லீவில் அம்மா வம்பாகச் சேர்த்துவிட்ட டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். தமிழ் லோயரும் இங்கிலீஷ் ஹையரும் பாஸ் செய்தவள் நான். அந்த இரும்பு மெஷினில் ர ஒரு சாவி, ற இன்னொரு சாவி. சந்தேகம் வந்தால் கண்ணை மூடி விரலை எங்கே கொண்டுபோகிறேன் என்று பார்ப்பேன். விரலுக்கு ஞாபகம் இருந்தது.

போனை வைத்துவிடுங்கள் என்று சொல்வதாக நினைக்க வேண்டாம். கணக்குக்கு யூடியூப்தான் எனக்கு வாத்தியார். தனிவட்டி, கூட்டுவட்டி, ஆள்-நாள் கணக்கு எல்லாம் ஒருவர் போட்டுக் காட்டக் காட்ட, நிறுத்திவிட்டுத் தாளில் போட்டுப் பார்ப்பேன். நிறுத்தாமல் பார்த்தால் அது சீரியல் பார்த்த கணக்கு. நடப்பு நிகழ்வுகளுக்கும் போன் போதும்.

ஏஐ செயலி ஒன்றையும் 2024 தொடக்கத்தில் பழகினேன். கணக்கில் எந்தப் படியில் தப்பினேன் என்பதைப் பொறுமையாக விளக்கியது. சரியென்று ஒரு குறளைக் கேட்டேன். குறள் மாதிரியே இரண்டு அடி கொடுத்து எண்ணும் போட்டது. புத்தகத்தில் அந்த எண்ணில் வேறு குறள் இருந்தது, அது கொடுத்த குறள் எந்த எண்ணிலும் இல்லை. அதோடு தமிழ்ப் பக்கம் அதை விடவில்லை.

டெலிகிராம் வினாடி வினா இன்னொரு மாயம். தொட்டவுடன் பச்சை டிக் விழுவது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் எழுதிய பரீட்சையில் ஓஎம்ஆர் தாளில் கருப்புப் பேனாவால் 200 வட்டத்தை நிரப்ப வேண்டியிருந்தது. விடை தெரியவில்லை என்றால் அதற்கும் ஐந்தாவதாக ஒரு வட்டம், அப்புறம் ஏ எத்தனை, பி எத்தனை என்று எண்ணிக்கை வேறு. கடையில் மாதிரித் தாளைப் பிரிண்ட் எடுத்து வாரம் ஒரு முழுத்தேர்வு எழுதினேன். முதல் தடவை வட்டம் நிரப்பவே 20 நிமிடத்துக்கு மேல் ஆனது. அந்த நேரத்தைப் போன் எனக்குக் காட்டியதே இல்லை.

மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறந்தபிறகு லீவு நாளில் மாட்டுத்தாவணி இறங்கி அங்கே போய்விடுவேன். ஏசி, நல்ல நாற்காலி, சுற்றிலும் புத்தகம். பக்கத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் இயர்போன் மாட்டி வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். குறை சொல்லவில்லை, வீட்டில் அந்த அமைதி கிடைக்காது.

2024 ஜூன் 9-இல் மறுபடி எழுதினேன். 163 சரி, தமிழில் 88. டைப்ரைட்டிங் சான்றிதழ் கையில் இருந்ததால் தட்டச்சர் பணி கிடைத்தது.

போன மாதம் எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தி வந்தாள். "அக்கா, அந்த நோட்டை போட்டோ எடுத்து அனுப்புங்க, பிடிஎஃப் ஆக்கிக்கிறேன்." முடியாது, வேண்டுமானால் உட்கார்ந்து எழுதிக்கொண்டு போ என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே உட்கார்ந்தாள். நான்கு பக்கம் எழுதினாள். நான் காபி போட்டுக்கொண்டு வருவதற்குள் மிச்சப் பக்கங்களைப் போட்டோ எடுத்து முடித்திருந்தாள்.