மேலட்டூரில் பிரகலாதனைப் பார்த்த இரவு

தஞ்சாவூரிலிருந்து திட்டை வழியாகச் சுமார் 18 கிலோமீட்டர் போனால் மேலட்டூர். மே மாத வாக்கில் நரசிம்ம ஜயந்தி வரும்போது, இங்கே வரதராஜப் பெருமாள் சன்னிதித் தெருவிலேயே மேடை போட்டு விடிய விடிய பாகவத மேளா என்னும் இசை நாட்டிய நாடகம் நடத்துகிறார்கள். பாட்டோ பரதமோ கற்றுக்கொள்ளும் பிள்ளை வீட்டில் இருந்தால், ஒரு தடவையாவது கூட்டிவந்து இங்கே உட்கார வைக்க வேண்டும். என் மகளுக்கு அங்கே கிடைத்ததைப் பார்த்த பிறகு இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போகிற வழியில் திட்டை வசிஷ்டேஸ்வரரையும் குரு பகவானையும் தரிசித்துவிட்டு, சாயங்காலமே ஊர் சேர்ந்தோம். பெருமாளைச் சேவித்து, தீர்த்தமும் துளசியும் வாங்கிக்கொண்டோம். மேடை பெருமாளைப் பார்த்தபடி இருக்கிறது. முதல் ரசிகர் அவர்தான்; நமக்கெல்லாம் அவருக்குப் பின்னால்தான் இடம்.

மேலட்டூர் வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய நாடகங்களைத்தான் இன்றைக்கும் ஆடுகிறார்கள். ஹரிச்சந்திரன், மார்க்கண்டேயன், உஷா பரிணயம் என்று பல உண்டு என்றாலும், ஜயந்தி இரவுக்கு உரியது பிரகலாத சரித்திரம். ஆடுகிறவர்கள் எல்லோரும் ஆண்கள். வெளியூர்களில் வேறு வேலை பார்த்துவிட்டு, இந்த நாட்களுக்கென்று ஊர் திரும்பிப் பெருமாளுக்குக் கைங்கரியமாக ஆடுகிறார்கள்.

முதலில் கோமாளியான கோணங்கி துள்ளிக்கொண்டு வந்து கூட்டத்தை அடக்கினான். அப்புறம் தொடக்க வணக்கப் பாட்டான தோடய மங்கலம். அதற்குப் பின் யானை முகமூடி போட்ட சின்னப் பையன் பிள்ளையாராக வந்து ஆடினான். தன் வயதுப் பிள்ளை ஒருவன் மேடையில் நிற்பதைக் கண்டதும் என் மகள் முட்டிபோட்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். தூக்கமெல்லாம் அதோடு போனது.

இந்த நாடகத்தில் ஒவ்வொரு பாத்திரமும் தனக்கென்று உள்ள பிரவேச தரு என்ற நுழைவுப் பாட்டோடுதான் உள்ளே வரும். யார் வருகிறார்கள், எப்படிப்பட்டவர் என்பது பாட்டிலும் நடையிலும் தெரிந்துவிடும். குழந்தைக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. பரத வகுப்பில் தட்டடவு, நாட்டடவு என்ற அடிப்படை அடிகள் கணக்காகவே என் மகளுக்குப் பழக்கம். இங்கே இரணியன் அதிர அதிரக் கால் வைத்து வந்தபோது, "அம்மா, இவர் தட்டுறதிலேயே கோபம் தெரியுது" என்றாள். பிரகலாதனின் தாய் லீலாவதி வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. தாளத்தை மட்டும் தொடையில் மெல்லப் போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைக்காகக் கணவனிடம் அந்தத் தாய் கெஞ்சும் இடத்தில் அவள் கண் கலங்கியது. ஆடியவர் ஓர் ஆண் என்று அப்புறம் சொன்னபோது நம்பவே இல்லை.

தெலுங்கு அவளுக்குத் தெரியாது. கதையை முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். நடுவில் நான் வாய் திறக்கவில்லை. வார்த்தை புரியாததால் அவள், ஆடுகிறவர் முகத்தையும் கையையும் பாட்டின் ராகத்தையும் பிடித்துக்கொண்டு கதையைத் தொடர்ந்தாள். பக்கத்தில் இருந்துகொண்டு பெரியவர்கள் விளக்கிக்கொண்டே இருந்தால் குழந்தையின் கண் மேடையை விட்டு நம் பக்கம் வந்துவிடுகிறது. கேட்டால் பதில் சொன்னால் போதும். பக்கவாத்தியக்காரர்கள் தெரிகிற ஓரத்தில் இடம் பிடித்தது நல்லதாயிற்று. நட்டுவாங்கத் தாளத்துக்கும் மிருதங்கத்துக்கும் ஆடுகிறவர் காலுக்கும் மாறி மாறி அவள் பார்வை போய்க்கொண்டே இருந்தது.

விடியும் நேரம் நெருங்கியபோது தூண் பிளந்தது. நரசிம்மர் முகமூடி கோயிலில் வைத்துப் பூஜிக்கப்படுவது. அதை அணிகிறவர் அன்று விரதம் இருக்கிறார். அந்த உக்கிரத்தை நான்கைந்து பேர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. கூட்டம் எழுந்து கை கூப்பியது. மகள் என் புடவையைப் பிடித்துக்கொண்டாள், ஆனால் கண்ணை மூடவில்லை. "அந்த அண்ணாவுக்குப் பயமா இருக்காதா?" என்று பிரகலாதனாக நின்ற பையனைக் காட்டிக் கேட்டாள். "பிரகலாதனுக்குப் பயம் இருந்ததா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு இல்லை என்று தலையாட்டினாள். பக்தியைப் பற்றி நான் எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். அவளுக்கு அது புரிந்தது அந்த நிமிடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் மதியமே அவர்களைத் தூங்க வைத்துவிடுங்கள். இடையில் கண் அயர்ந்தால் மடியில் படுக்க விடுங்கள்; தரு மாறும்போது தானே எழுந்துகொள்வார்கள். காலையில் "என்ன கத்துக்கிட்டே?" என்று மட்டும் கேட்காதீர்கள். நான் கேட்கவில்லை. ஊர் வந்த பிறகு அவளாகவே துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு இரணியன் நடையை நடந்தாள். பிறகு துண்டை அவிழ்த்துவிட்டு அதே அடியை மெதுவாக வைத்து லீலாவதியானாள். தம்பியைத் தூணுக்குப் பின்னால் நிற்க வைத்ததும் நடந்தது.

சாலியமங்கலத்திலும் தேப்பெருமாநல்லூரிலும் பாகவத மேளா உண்டு. அங்கே இருக்கும் பிரகலாதன் எப்படி நடப்பான் என்று இப்போதே கேட்கிறாள். அடுத்த ஜயந்திக்குச் சாலியமங்கலம் போகிறோம்.